மூன்று குழுவும் ஒரு இந்திராணியும்

ஆகஸ்ட் மாதம் தலவில அன்னம்மாள் திருவிழாவுக்குப் போகும் பஸ்களில் இரண்டு கட்சிகள் உண்டு. முன்பக்கம் செபமாலைக் கட்சி, பின்பக்கம் றபான் மேளக் கட்சி. நீர்கொழும்பில் ஏறும்போது இரண்டும் சமாதானமாகத்தான் இருக்கும். சிலாபம் தாண்டியதும் பின்பக்கத்தின் கை ஓங்கும். பாலாவிச் சந்தியில் பஸ் கற்பிட்டி வீதிக்குத் திரும்புகிற நேரம், செபமாலையைக் கைப்பையில் பத்திரப்படுத்திவிட்டு முன்பக்கத்து அன்ரிமாரும் கைதட்டிக்கொண்டிருப்பார்கள்.

இந்தப் பஸ்ஸில் நான் எப்போதும் பார்த்து ரசிக்கிற விஷயம் வேறு. பின் சீட்டு ஆண்களுக்கு எந்தப் பாட்டிலும் பல்லவி மட்டும்தான் தெரியும். பல்லவியைக் கழுத்து நரம்பு புடைக்கப் பாடுவார்கள். சரணம் வந்ததும் குரல் இறங்கி றபான் சத்தம் ஏறும். ஒருவர் "லா லா" போடுவார், இன்னொருவர் போத்தலைத் தேடுவார். அப்போது நடுச் சீட்டில் மடியில் சாப்பாட்டுப் பெட்டியோடு இருக்கிற ஒரு பிள்ளை, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, சரணம் முழுவதையும் ஒரு சொல் தவறாமல் பாடி முடிப்பாள். பல்லவி திரும்பி வந்ததும் ஆண்கள் பாய்ந்து பிடித்துக்கொள்வார்கள். பாட்டு முடிந்ததும், "எப்பிடி மச்சான் நம்ம பாட்டு?" என்று ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொள்வார்கள். பிள்ளையிடம் ஒருவரும் கேட்பதில்லை.

இலங்கையின் பொப்பிசை வரலாறும் இதே பஸ்ஸில் இருந்துதான் எழுதப்பட்டிருக்கிறது. எந்தக் கதையை எடுத்தாலும் கிற்றார் பிடித்த இரண்டு இளைஞர்கள் சந்தித்தார்கள், குழு அமைத்தார்கள், பிரிந்தார்கள், வேறு குழு அமைத்தார்கள், மறுபடி சேர்ந்தார்கள் என்றே போகும். மகாபாரதத்தில் பாஞ்சாலியை விட்டுவிட்டுச் சொன்ன மாதிரி ஒரு கதை. சரணம் பாடியவள் பெயர் இந்திராணி பெரேரா. இந்த முறை அவள் பக்கத்து ஜன்னலால் பார்ப்போம்.

அதற்கு முதலில் போர்த்துக்கேயரைக் கொஞ்சம் தொந்தரவு செய்ய வேண்டும். 1505இல் வந்தார்கள், 1658இல் போனார்கள். போகும்போது கறுவாவை ஒல்லாந்தரிடம் விட்டார்கள். பெரேரா, பெர்னாண்டோ, சில்வா என்ற பெயர்களை மேற்குக் கரையில் விட்டார்கள். ஆடத் தெரியாதவனையும் ஆடவைக்கும் ஆறுக்கு எட்டுத் தாளத்தை எல்லாரிடமும் விட்டார்கள். தலவிலக் கோவிலின் கதையே, பயணக் களைப்பில் ஆலமரத்தடியில் படுத்துக் கனவு கண்ட ஒரு போர்த்துக்கேயரில் இருந்து தொடங்குகிறது என்று ஊரில் சொல்வார்கள். அவர் கனவில் வந்தது அன்னம்மாள், அதாவது இயேசுவின் அம்மம்மா. அந்தக் கரையில் இன்றைக்கும் அம்மம்மாவின் சொல்தான் சொல். சிங்களவரும் தமிழரும், கத்தோலிக்கரும் அல்லாதவரும் அவளிடம் ஒரே வரிசையில் நின்று முறையிடுகிறார்கள். சாராய வாடையோடு பஸ்ஸில் வந்தவனும் கோவில் வாசலில் றபானைச் சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு இறங்குவது அம்மம்மா மேலுள்ள பயத்தில்தான்.

அதே புத்தளத்துப் பக்கம், சிரம்பியடியில், ஆபிரிக்க வம்சாவளிக் குடும்பங்கள் சில வாழ்கின்றன. படைவீரராகவும் அடிமைகளாகவும் ஐரோப்பியர் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர்களின் பிள்ளைகள். அவர்களின் 'மஞ்ச' பாட்டுக்குச் சிரட்டை, போத்தல், கரண்டி, மேளம் போதும். மெல்லத் தொடங்கி வேகம் கூடிக் கூடிக் கடைசியில் மூச்சு வாங்க முடியும். வயது போன பெண்கள் முன்வரிசையில் நின்று பாடுகிறார்கள், இடுப்பும் சேர்ந்து பாடுகிறது. இலங்கையில் பெண் பாடி ஊர் ஆடுவது 1960களில் வந்த புதுமை என்று யாராவது எழுதினால் அவரைச் சிரம்பியடிக்கு ஒரு நாள் அனுப்பி வைக்கலாம்.

இந்தத் தாளத்தையெல்லாம் திரட்டிப் பைலா என்ற ஆட்டப் பாட்டாக மேடையேற்றியவர் வொலி பஸ்தியன்ஸ். தொழில் பொலிஸ். குடித்துவிட்டுக் கத்துகிறவனைப் பிடித்து உள்ளே போட வேண்டியவரே அவனுக்குப் பாட்டும் போட்டுக் கொடுத்தார். 'வாத பைலா' என்றொரு வகையும் வளர்ந்தது. இரண்டு ஆண்கள் மேடையில் நின்று, தாளம் தப்பாமல், எதுகை மோனையோடு ஒருவரை ஒருவர் ஏசுவார்கள். கூட்டம் காசு கொடுத்துக் கேட்கும். வீட்டில் அதே கலையை இலவசமாக வளர்த்துக்கொண்டிருந்த பெண்களை மேடைக்கு யாரும் கூப்பிடவில்லை.

ரேடியோ சிலோனின் நிலைமை வேறு. அது படித்தவர்களின் வீடு. 1952இல் லக்னோவிலிருந்து பேராசிரியர் ரத்தன்ஜன்கரை வரவழைத்துப் பாடகர்களுக்குப் பரீட்சை வைத்தார்கள். 'நான் பரீட்சை எழுத மாட்டேன்' என்று நின்ற சுனில் சாந்த என்ற அருமையான பாடகரை வானொலி வெளியே விட்டது. பரீட்சையில் தேறியவர்கள் பாடினார்கள், நாடு மரியாதையாகக் கேட்டது, கேட்டுவிட்டுக் கலியாண வீட்டுக்குப் போய்ப் பைலா ஆடியது. சினிமாவிலோ இந்தி மெட்டும் தமிழ் மெட்டும் சிங்கள உடுப்புப் போட்டுக்கொண்டு வந்தன. நம்முடைய கே. ஜமுனாராணியே சிங்களப் படத்தில் பாடினார். இலங்கைப் பெண் எப்படிப் பாட வேண்டும் என்பதைச் சென்னையும் பம்பாயும் தீர்மானித்த காலம். குரல் கூரையைத் தொட வேண்டும், நடுவில் இரண்டு இடத்தில் விம்ம வேண்டும்.

இந்த இடத்தில் மல்லிகா, இரங்கனி, இந்திராணி என்ற மூன்று பெரேராப் பெண்கள் வருகிறார்கள். குழுவின் பெயர் த்ரீ சிஸ்டர்ஸ். மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்த பெயர் என்று சொல்ல முடியாது, ஆனால் புத்திசாலித்தனமான பெயர். கன்னிப்பெண் மேடையேறினால் ஊர் கேட்கும் முதல் கேள்வி, "அந்தப் பிள்ளை ஆரோட போய்ப் பாடுது?" என்பது. பதில் பெயரிலேயே இருக்கிறது: அக்காவோட. கேள்வி கேட்ட பெரியவர் அடுத்த வீட்டு விஷயத்தைப் பார்க்கப் போய்விடுவார். அமெரிக்காவில் ஆண்ட்ரூஸ் சிஸ்டர்ஸ் என்ற மூன்று சகோதரிகள் இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சிப்பாய்களையெல்லாம் மயக்கிவைத்திருந்ததும் இதே வசதியில்தான். ஒத்திகைக்கு வீட்டை விட்டுப் போக வேண்டாம். சுருதி தப்பினால் பக்கத்தில் நிற்பவள் யாருக்கும் தெரியாமல் கிள்ளலாம். வெளி ஆள் கிள்ளினால் குழு உடைந்துவிடும்.

அக்காமாருக்கு நடுவே சுருதி சேர்த்துப் பாடிப் பழகியவளுக்கு ஒரு பழக்கம் கைவந்துவிடும். தன் குரலை எங்கே கூட்டுவது என்பதைவிட எங்கே குறைப்பது என்று தெரிந்துவிடும். இந்திராணியின் குரலில் எனக்குப் பிடித்ததும் அந்தக் கணக்குத்தான். கூரையைத் தொடும் ஆசை அதற்கு இல்லை. விம்மல், குழைவு, மூச்சை உருட்டிக் காட்டும் வித்தை எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை மதிலுக்கு மேலால் பேசுகிற உயரத்தில் நின்று பாடிவிட்டுப் போய்விடும்.

வெளியே அந்த நேரம் ஆண்பிள்ளைகளுக்குக் கிற்றார்க் காய்ச்சல். எல்விஸ் போய் பீட்டில்ஸ் வந்திருந்தார்கள். கொழும்பிலும் கரையோர ஊர்களிலும் தெருவுக்கு ஒரு குழு. பெயர்களைப் பாருங்கள்: லொஸ் கபலேரோஸ், லொஸ் முச்சாச்சோஸ், லா பம்பாஸ். போர்த்துக்கேயன் நூற்றைம்பது வருஷம் ஆண்டும் இந்தப் பிள்ளைகளுக்கு அவன் பாஷை வரவில்லை. ஒரு நாளும் ஆளாத ஸ்பானியனின் பாஷையில் பெயர் வைத்துக்கொண்டார்கள். சுருக்கம் சுருக்கமாகக் கை வைத்த சட்டை, கையில் மராக்காஸ். ஊர் மொறட்டுவை.

இவர்களுக்கு நடுவே இங்கிலீசில் பெயர் வைத்து வந்தது மூன்ஸ்டோன்ஸ். 1960களின் நடுப்பகுதி. கிளாரன்ஸ் விஜேவர்தன பாட்டு எழுதி மெட்டும் போடுவார், அனஸ்லி மாலேவன பாடுவார், கிளாரன்ஸும் பாடுவார். சிங்களப் பாட்டில் மின் கிற்றாரைக் கொண்டுவந்து வைத்தவர் கிளாரன்ஸ் என்று சொல்வார்கள். பெரியவர்களுக்கு அது பிளக் பொயின்ரைக் கோவிலுக்குள் கொண்டுவந்த மாதிரி இருந்தது. வானொலியில் விஜய கொரயா என்ற அறிவிப்பாளர் மட்டும் இந்தப் பிள்ளைகளைத் தூக்கிப் பிடித்தார். சிலாபத்துக் கொரயா குடும்பம். தலவில பஸ் போகிற வழியில் இருந்து வந்த உதவி என்று நாங்களும் கொஞ்சம் பெருமைப்படலாம். மூன்ஸ்டோன்ஸுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த 'மேங்கோ நெந்தா' ஒரு மாம்பழ மாமியைப் பற்றிய பாட்டு. பரீட்சையில் தேறிய இசைவாணர்கள் நிலாவையும் தாமரையையும் பாடிக்கொண்டிருந்த நாட்டில் மாம்பழம் ஜெயித்தது. இந்த மாமியை ஞாபகம் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படுவார்.

ஜெரால்ட் விக்ரமசூரிய என்பவர் 'சூரிய' என்ற பெயரில் இசைத்தட்டு வெளியிட்டார். அநேகமாக எல்லாம் ஈ.பி. தட்டுகள். ஏழு அங்குலம், நிமிடத்துக்கு 45 சுற்று, பக்கத்துக்கு இரண்டு பாட்டு. ஒரு பாட்டு மூன்று நிமிடத்துக்கு மேல் போனால் அடுத்த பாட்டின் வயிற்றில் அடிக்க வேண்டும். நம்முடைய வித்துவான் ஒருவர் தொண்டையைச் செருமி ஆலாபனையைத் தொடங்கி, இடது பக்கத்து மிருதங்கக்காரரைப் பார்த்து ஒரு புன்னகை செய்வதற்குள் ஈ.பி.யின் முதல் பக்கம் முடிந்துவிடும். அந்த மூன்று நிமிடத்துக்குள் ஒருவன் காதலித்து, அவள் மறுத்து, அவன் அழுது, கிற்றார் ஒரு சுற்று வந்து, இருவரும் சேர்ந்துவிட வேண்டும். கூரையைத் தொடும் குரலுக்கு அங்கே ஏணி வைக்க இடமில்லை. மதிலுக்கு மேலால் பேசும் குரலுக்கோ அது அளவெடுத்துத் தைத்த உடுப்பு.

இந்திராணி மூன்ஸ்டோன்ஸுக்கு வந்தாள். அக்காவோட பாடிய பிள்ளை இப்போது கிற்றார்ப் பையன்களோடு பாடுகிறாள். ஊர் என்ன சொல்லியிருக்கும் என்பதை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம், உங்கள் ஊரும் அதையேதான் சொல்லியிருக்கும். ஆனால் வானொலியில் முகம் தெரியாது. ஊர் ஏசி முடிப்பதற்குள் பாட்டை முணுமுணுக்கத் தொடங்கிவிட்டது. முணுமுணுத்துக்கொண்டே ஏசுவது கஷ்டமான காரியம்.

அவள் வந்த பிறகு அந்தப் பாட்டுகளில் நடந்த மாற்றம் ஒன்று உண்டு. அதுவரை காதல் பாட்டென்றால் பையன் கேட்பான், பையனே பதிலும் சொல்லிக்கொள்வான். பொம்பிளைப் பிள்ளையின் மனசை அவளுக்கே விளக்கிச் சொல்லுகிற பாட்டுகள். ஜோடிப் பாட்டில் இந்திராணி வாய் திறந்ததும் பையனின் வாதம் பாதியில் நொண்டியது. எதிர்க்கட்சியில்லாமல் ஓடிக்கொண்டிருந்த பாராளுமன்றத்துக்கு ஒரு பெண் உறுப்பினர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

பிறகு குழு உடைந்தது. குழு என்று இருந்தால் உடையும், அதற்குத்தான் குழு. கிளாரன்ஸ் மூன்ஸ்டோன்ஸை விட்டுப் போய் கோல்டன் சைம்ஸ் என்று வேறொன்று தொடங்கினார். ஏன் போனார் என்று கேட்டால் நாலு பேர் ஐந்து காரணம் சொல்வார்கள், ஆறாவது காரணம் உங்களிடமே இருக்கும். சந்திரகாந்தக்கல் போய்ப் பொன்மணி வந்தது. இந்திராணியின் குரல் கோல்டன் சைம்ஸிலும் கேட்டது. பையன்களுக்குக் குழு என்பது சொந்த வீடு. அத்திவாரம் போட்டு, மதில் கட்டி, எல்லைச் சண்டை பிடித்து, கேற்றில் பெயர் எழுதுவார்கள். அவளுக்கு அது வாடகை வீடு. பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள், பாடினாள், வீட்டுக்காரர்கள் சண்டை பிடித்தால் பெட்டியை எடுத்தாள். பெட்டிக்குள் இருந்தது குரல். வீடு யாருடையது என்று இன்றைக்கு வழக்காடுகிறவர்களுக்கும் பாட்டு ஞாபகம் வருவது அந்தப் பெட்டியால்தான்.

அதே காலத்தில் அமெரிக்காவிலும் இதே கூத்து. டெட்ரொயிட்டில் சுப்ரீம்ஸ் என்ற மூன்று பெண்கள் பாடினார்கள். 1967இல் குழுவின் பெயரையே 'டயானா ரொஸ் அன்ட் த சுப்ரீம்ஸ்' என்று மாற்றி ஒருத்தியை முன்னால் தூக்கி வைத்தார்கள். 1970 ஜனவரியில் அவள் தன் பெயரையும் எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டாள். அங்கே பெண்ணின் பெயரைச் சேர்த்தார்கள். இங்கேயும் பெயரை மாற்றினார்கள். கிளாரன்ஸும் அனஸ்லியும் சமாதானமாகி மறுபடி சேர்ந்தபோது குழுவுக்கு வைத்த பெயர் சூப்பர் கோல்டன் சைம்ஸ். முன்னுக்கு ஒரு 'சூப்பர்' சேர்ந்ததுதான் மிச்சம். 'இந்திராணி அன்ட்' என்று ஆரம்பிக்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

குழுக்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. பெயர் மாற்றுவது அன்றைய தேசிய வியாதி. 1967 ஜனவரி 5இல் ரேடியோ சிலோன் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாகியது. 1972 மே 22இல் நாடே சிலோன் என்ற பெயரைக் கழற்றிவிட்டு ஸ்ரீலங்கா ஆகியது. அறிவிப்பாளர்தான் பாவம். நேற்று வரை ரேடியோ சிலோனில் மூன்ஸ்டோன்ஸ் பாட்டென்று சொன்னவர், இன்றைக்கு எந்த நாட்டின் எந்த நிலையத்தில் இருந்து எந்தக் குழுவின் பாட்டு என்று கடுதாசியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஊசியை வைத்ததும் கேட்கிற பிள்ளையின் குரல் மட்டும் அதே குரல்.

இதற்கு நடுவே 1970இல் வந்த அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியது. பருப்புக்கே வழியில்லாத நாட்டில் கிற்றார்க் கம்பிக்கு எங்கே போவது? 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி, ஊரடங்கு. இரவு நிகழ்ச்சிக்கென்றே பிறந்த இசைக்கு இரவே இல்லாமல் போயிற்று. ஊரடங்கில் மொத்த நாடும் வீட்டுக்குள் அடைந்து வானொலியைத் திருகிக்கொண்டிருந்தது, அதுவும் பொப்பிசைக்கு ஒரு வகையில் லாபம்தான். வெறியர்களையும் காதலர்களையும் மட்டும் நம்பியிருந்த பாட்டை அப்பாமாரும் கேட்க வேண்டிவந்தது.

தமிழ்ப் பக்கத்தைப் பார்க்காமல் விட்டால் பாரபட்சமாகிவிடும். நமக்கும் அதே காலத்தில் பொப்பிசை வந்தது. விவசாயம் படித்த நித்தி கனகரத்தினம் கிற்றாரை எடுத்துக்கொண்டு 'சின்ன மாமியே' என்று கூப்பிட்டு மகளை விசாரித்தார், 'கள்ளுக்கடை பக்கம் போகாதே' என்று புத்தியும் சொன்னார். ஏ.ஈ. மனோகரன் 'சுராங்கனி'யைத் தூக்கிக்கொண்டு கடல் கடந்தார், தமிழ்நாட்டில் சிலோன் மனோகராகி சினிமாவில் வில்லனாகவும் அடி வாங்கினார். 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜாவே சுராங்கனிக்கு இடம் கொடுத்தார். பட்டங்களுக்கும் பஞ்சமில்லை. வொலி பைலாவின் தந்தை, எம்.எஸ். பெர்னாண்டோ பைலா சக்கரவர்த்தி, நித்தி தமிழ்ப் பொப்பிசையின் தந்தை, மனோகரன் பொப்பிசைச் சக்கரவர்த்தி. ஒரு சின்னத் தீவுக்கு இத்தனை தந்தையும் இத்தனை சக்கரவர்த்தியும் கொஞ்சம் அதிகம்தான். இந்திராணிக்கும் பொப் ராணி என்று ஒரு பட்டம் இருக்கிறது. இந்த ராஜ்ஜியத்தில் தாய் என்ற பதவி மட்டும் வெற்றிடம்.

இப்போது மாம்பழ மாமியைக் கூப்பிடுவோம். இந்தத் தீவின் பொப்பிசையில் பெண்களுக்குக் குறைவே இல்லை. மாம்பழம் விற்க ஒரு நெந்தா. மகளைப் பற்றி விசாரிக்கப்படுவதற்கு ஒரு சின்ன மாமி. மீன் கொண்டுவந்து கொடுக்கப்படுவதற்கு ஒரு சுராங்கனி. கற்பிட்டிக் கரையில் வலை இழுக்கிற ஆளைக் கேட்டாலும் சுராங்கனிக்குக் கொடுத்த மீன் என்ன மீன் என்று ஒரு மணித்தியாலம் வாதிடுவார். ஆனால் சுராங்கனிக்கு மீன் பிடிக்குமா என்று அந்தப் பாட்டைப் பாடிய ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. பாட்டுக்குள்ளே பெண்களின் சந்தையே கூடியிருக்கிறது. மைக்குக்கு முன்னால் வந்து நின்றவர்களை எண்ண ஒரு கை போதும். அந்தக் கையிலும் முதல் விரல் இந்திராணிக்கு. தமிழ்ப் பொப்பிசையில் இந்திராணிக்கு இணையாகச் சொல்ல ஒரு பெயரை இந்தப் பக்கம் யாரும் தயார் செய்யவில்லை. சிங்களப் பக்கத்தில் ஒருத்திக்கு இடம் கிடைத்ததற்குக் காரணம் அங்கே ஆண்கள் நல்லவர்கள் என்பதல்ல. ஜோடிப் பாட்டு விற்றது. விற்கிற பொருளுக்கு ஊர் மரியாதை கொடுக்கும், ஏசிக்கொண்டாவது.

1977இல் இறக்குமதிக் கதவு திறந்ததும் கசட் வந்து விழுந்தது. ஈ.பி. தட்டுகள் அலுமாரி மேல் ஏறின, பாட்டுகள் கசட்டுக்கு இறங்கின. ஒரு பக்கத்தில் நாலு குழுவின் பாட்டைக் கலந்து பதிந்து விற்றார்கள். எந்தப் பாட்டு எந்தக் குழு என்ற விவரம் அந்த வழியில் காணாமல் போயிற்று. கிளாரன்ஸ் பிறகு மதாரா என்று ஒரு குழு வைத்தார், அனஸ்லி சூப்பர் சைம்ஸ் என்று வைத்தார். அதாவது 'கோல்டன்' கழன்று 'சூப்பர்' மிஞ்சியது. 1996 டிசம்பர் 13இல் கிளாரன்ஸ் இறந்தார். நல்ல மெட்டுக்காரர், அவர் போட்ட மெட்டுக்கு இன்றைக்கும் பஸ்ஸுக்குப் பஸ் தலையாட்டுகிறார்கள், அதில் பகிடி பண்ண ஒன்றுமில்லை.

குழு வரலாற்றாசிரியர்கள் இன்னமும் ஓய்வதாக இல்லை. மூன்ஸ்டோன்ஸின் எந்தப் பாட்டில் எவர் பேஸ் கிற்றார், கோல்டன் சைம்ஸ் எந்த மாதம் பிறந்தது, 'சூப்பர்' சேர்ந்தது எந்த நிகழ்ச்சியில் என்று தேநீர் ஆறுகிறவரை பேசுகிறார்கள். ஒருநாள் இப்படி ஒரு மேசையில், ஈ.பி. உறையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மாமாமார் பெரிய சண்டை. நடுவில் மாமி வந்து பிஸ்கட் தட்டை வைத்தார்.

"என்னத்துக்கு ரெண்டு பேரும் கத்துறியள்? இது இந்திராணி பாட்டுத்தானே?"

"நீ சும்மா இரும். குழு எதெண்டுதான் பேச்சு."

மாமி சும்மா இருக்கவில்லை. உள்ளே போகிறபோதே சரணத்தை முழுதாகப் பாடிக்கொண்டு போனார். மாமாமார் பல்லவிக்காகக் காத்திருந்தார்கள்.

நித்தி கனகரத்தினம் விசாரித்த அந்தச் சின்ன மாமியின் மகள் இதுவரை ஒரு ஈ.பி.கூடப் போடவில்லை.